"40 விழுக்காடு கூடுதல் வேகம்": வரப்போகும் சிப்பை நம்பி லேப்டாப் வாங்காமல் காத்திருக்கலாமா?

கிள்ளானில் இருக்கும் என் சித்தி மகன் போன மாதம் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். கறுப்புப் பின்னணியில் உயரமாக ஒரு பச்சைப் பட்டை. பக்கத்தில் குட்டையாக ஒரு சாம்பல் பட்டை. மேலே பெரிய எழுத்தில் "40 விழுக்காடு வரை கூடுதல் வேகம்". அதற்குக் கீழே அவனுடைய கேள்வி: "அக்கா, இப்பவே வாங்கிடட்டுமா, இல்ல இது வர்ற வரைக்கும் காத்திருக்கட்டுமா?"

அவன் படிக்கும் கல்லூரி பிரிக்ஃபீல்ட்சில். தினமும் கொமியூட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரலுக்கு வந்து, அங்கிருந்து நடக்கிறான். கையில் இருப்பது ஐந்து வருடப் பழைய லேப்டாப். வீடியோ எடிட்டிங் அசைன்மென்டைத் திறந்தாலே காற்றாடி அலற ஆரம்பித்துவிடும். சேர்த்து வைத்திருப்பது 3,500 ரிங்கிட். அதில் பாதி அம்மா கொடுத்தது. ஆக, வாங்குவது ஒரு தடவைதான். தப்பாக வாங்கினால் படிப்பு முடியும் வரைக்கும் அதோடுதான் இருக்க வேண்டும்.

அவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: அந்தப் பட்டையில் இருப்பது அநேகமாகப் பொய் இல்லை. ஆனால் அது நீ கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதைகள் தேவை.

மேடையில் சிப், மேசைக்குக் கீழே குளிரூட்டி

2018 ஜூன் மாதம். தைவானின் தைப்பே நகரில் ஆண்டுதோறும் நடக்கும் கம்ப்யூடெக்ஸ் கண்காட்சி. இன்டெல் நிறுவனம் மேடையில் 28 கோர்கள் கொண்ட ஒரு சிப்பை 5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட்டிக் காட்டியது. அத்தனை கோர்களும் ஒரே நேரத்தில் அந்த வேகத்தில் ஓடுவது அப்போது யாரும் எதிர்பார்க்காத விஷயம். கைதட்டல், தலைப்புச் செய்தி எல்லாம் கிடைத்தது.

பிறகு செய்தியாளர்கள் அந்தக் கணினியைக் கிட்டப் போய்ப் பார்த்தார்கள். அதோடு தடித்த குழாய்களில் இணைக்கப்பட்டிருந்தது ஒரு குதிரைத்திறன் கொண்ட தண்ணீர்க் குளிரூட்டி. யாரும் வீட்டில் கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை அது. சிப்பின் வேகம் செயற்கையாகக் கூட்டப்பட்டது, அதாவது 'ஓவர்கிளாக்' செய்யப்பட்டது என்பதை மேடையில் சொல்ல மறந்துவிட்டதாக இன்டெல் பின்னர் விளக்கம் கொடுத்தது.

அந்தச் சிப் 2019 தொடக்கத்தில் சியோன் டபிள்யூ-3175எக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. விலை 2,999 அமெரிக்க டாலர். பெட்டியில் எழுதியிருந்த அடிப்படை வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ், அதிகபட்சம் 4.3. மேடையில் பார்த்த 5 எங்கே போச்சு? அந்தக் குளிரூட்டியோடு போயிடுச்சு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மேடையில் ஓடியது உண்மையான சிப். திரையில் தெரிந்ததும் உண்மையான எண். எந்த நிலைமையில் அந்த எண் கிடைத்தது என்பது மட்டும்தான் சொல்லப்படவில்லை.

எதிராளியின் காலைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயம்

அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு சம்பவம். இன்டெலின் கோர் ஐ9-9900கே சிப்புக்கு முன்பதிவு திறந்தாகிவிட்டது. சுயேச்சையான விமர்சகர்கள் தங்கள் சோதனை முடிவுகளை வெளியிட இன்னும் அனுமதி இல்லை. அந்த இடைவெளியில், இன்டெல் காசு கொடுத்து ஏற்பாடு செய்த ஒரு சோதனை அறிக்கை மட்டும் வெளிவந்தது. பிரின்சிபல்ட் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் செய்த சோதனை அது. சில கேம்களில் ஏஎம்டியின் ரைசன் 7 2700எக்ஸ் சிப்பைவிட இன்டெல் சிப் 50 விழுக்காடு வேகம் என்றது அறிக்கை.

யூடியூபில் கணினி விமர்சனம் செய்பவர்கள் அந்த அறிக்கையின் பின்பக்கங்களைப் புரட்டினார்கள். ஏஎம்டி சிப் 'கேம் மோட்' என்ற அமைப்பில் சோதிக்கப்பட்டிருந்தது. பெயரைக் கேட்டால் கேமுக்கு நல்லது போலத் தோன்றும். ஆனால் அந்தச் சிப்பில் அது எட்டுக் கோர்களில் நான்கை அணைத்துவிடும்! எதிர்ப்பு கிளம்பியதும் அந்த நிறுவனம் சரியான அமைப்பில் மறுபடி சோதித்தது. இன்டெல் அப்போதும் முன்னால்தான் இருந்தது, ஆனால் இடைவெளி நன்றாகச் சுருங்கிவிட்டது.

அந்த நேரத்தை யோசித்துப் பாருங்கள். முன்பதிவுப் பணம் கட்டலாம், ஆனால் சுயேச்சையான விமர்சனத்தைப் படிக்க முடியாது. சிப் வியாபாரத்தில் வாங்குபவர் ஏமாறுவதற்கு மிகவும் வசதியான நாட்கள் அவை.

'வரை' என்ற சின்னச் சொல்

சித்தி மகன் அனுப்பிய படத்தில் "40 விழுக்காடு வரை" என்று இருந்ததல்லவா? பலர் அந்த 'வரை'யைப் படிப்பதே இல்லை.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். பத்து மென்பொருள்களில் புது சிப்பைச் சோதிக்கிறார்கள். ஒன்பதில் 2 விழுக்காடு முன்னேற்றம். ஒன்றில் மட்டும் 50 விழுக்காடு, ஏனென்றால் அந்த மென்பொருளுக்கென்றே சிப்பில் ஒரு தனிப் பகுதி சேர்த்திருக்கிறார்கள். பத்துக்கும் சராசரி எடுத்தால் 7 விழுக்காடுகூட வராது. ஆனால் விளம்பரத்தில் "50 விழுக்காடு வரை" என்று எழுதலாம். அது சட்டப்படி பொய்யே இல்லை. உங்கள் மென்பொருள் அந்த ஒன்பதில் ஒன்றா, இல்லை அந்த ஒற்றை அதிர்ஷ்டசாலியா என்பதுதான் உங்கள் கேள்வி.

இதேபோல இன்னொரு வாக்கியம்: "பாதி மின்சாரத்தில் அதே வேகம்." இதுவும் கேட்க நன்றாக இருக்கும். எந்தச் சிப்பிலும் கடைசி 10 விழுக்காடு வேகத்தைப் பிழிந்தெடுக்கத்தான் மின்சாரம் தாறுமாறாக ஏறும். பழைய சிப்பை அதன் உச்சியில் ஓடவிட்டு, புதியதைக் கொஞ்சம் நிதானமாக ஓட விட்டால் 'பாதி மின்சாரம்' சுலபமாக வந்துவிடும். 2022 மார்ச்சில் ஆப்பிள் தன் எம்1 அல்ட்ரா சிப்பை என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3090 கார்டோடு ஒப்பிட்டு ஒரு வரைபடம் காட்டியது நினைவிருக்கலாம். அதில் என்விடியா கார்டின் கோடு அதன் முழு மின்சார அளவுக்குப் போகும் முன்பே நின்றுவிட்டது. விமர்சகர்கள் முழு மின்சாரம் கொடுத்துச் சோதித்தபோது 3090தான் தெளிவாக முந்தியது.

ஏஎம்டியும் விதிவிலக்கில்லை

இன்டெலை மட்டும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 2024 ஜூனில் அதே கம்ப்யூடெக்ஸில், ஏஎம்டியின் தலைமைச் செயல் அதிகாரி லிசா சூ, ரைசன் 9000 சிப்களை அறிமுகம் செய்தார். ஒரே கடிகார வேகத்தில் முந்தைய தலைமுறையைவிடச் சராசரியாக 16 விழுக்காடு கூடுதல் வேலை என்பது அறிவிப்பு. ஜூலை 31 என்று சொன்ன விற்பனை ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. கடைசியில் விமர்சனங்கள் வந்தபோது, கேம் விளையாடுபவர்களுக்கு முகம் வாடிவிட்டது. பல கேம்களில் பழைய சிப்புக்கும் புதியதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

ஏன் இந்த வேறுபாடு? ஏஎம்டி கொடுத்த விளக்கத்தில் ஒரு சுவாரஸ்யமான காரணம் இருந்தது. அவர்களுடைய தானியங்கிச் சோதனைகள் விண்டோஸில் 'அட்மின்' நிலையில் ஓடியிருக்கின்றன. சிப் அடுத்து எந்தக் கட்டளை வரும் என்று ஊகிக்கும் பகுதி அந்த நிலையில் இன்னும் நன்றாக வேலை செய்யும். நாம் யாரும் அப்படிக் கணினியை ஓட்டுவதில்லை. பிறகு மைக்ரோசாஃப்ட் அந்த மாற்றத்தை எல்லோருக்கும் ஒரு அப்டேட்டாகக் கொடுத்தது. வேகம் கூடியது உண்மைதான். ஆனால் பழைய ரைசன் சிப்களுக்கும் சேர்ந்தே கூடியது. ஆகப் புதியதற்கும் பழையதற்கும் உள்ள இடைவெளி பெரிதாக மாறவில்லை.

அடுத்த இரண்டே மாதத்தில், 2024 அக்டோபரில், இன்டெலின் முறை. கோர் அல்ட்ரா 9 285கே சிப், கேம்களில் முந்தைய 14900கே சிப்புக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கும், மின்சாரம் குறையும் என்றார்கள். அது அடக்கமான வாக்குறுதிதான். அதுவும் பல சோதனைகளில் நிறைவேறவில்லை. புது சிப் பழையதைவிடப் பின்தங்கியது. வெளியீடு திட்டமிட்டபடி போகவில்லை என்று இன்டெல் அதிகாரியே ஒப்புக்கொண்டார்.

எண்ணே மாறிப்போன கதை

2025 ஜனவரியில் லாஸ் வேகாசில் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் விலையுள்ள ஆர்டிஎக்ஸ் 5070 கார்டில் 4090இன் செயல்திறன் கிடைக்கும் என்றார். 4090 வந்தபோது அதன் விலை 1,599 டாலர். யாருக்குத்தான் ஆசை வராது?

செயற்கை நுண்ணறிவு இல்லாமல் இது முடியாது என்பதை அவரே மேடையில் சொன்னார். அந்த வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. புது கார்டு, உண்மையாக வரைந்த ஒவ்வொரு படச் சட்டத்துக்கும் இடையில் ஏஐ ஊகித்து வரைந்த மூன்று சட்டங்கள் வரை நுழைக்கிறது. திரையில் தெரியும் நான்கு சட்டங்களில் மூன்று ஊகம். எண்ணிக்கை கூடும், காட்சி வழவழப்பாகத் தெரியும். ஆனால் நீங்கள் மவுசைச் சொடுக்கிய பிறகு கேம் பதில் சொல்லும் வேகம் அந்தக் கணக்கில் கூடாது. அந்த வசதியை அணைத்துவிட்டுச் சோதித்தவர்களுக்கு 5070 கிடைத்த இடம், 4090க்குப் பக்கத்தில் அல்ல, போன தலைமுறையின் 4070 சூப்பருக்குப் பக்கத்தில்.

லேப்டாப் கடைகளில் இப்போது எங்கு பார்த்தாலும் இருக்கும் 'டாப்ஸ்' எண்ணும் இந்த வகைதான். ஒரு நொடியில் எத்தனை லட்சம் கோடி கணக்குகள் என்று சொல்லும் அளவு அது. 'கோபைலட் பிளஸ்' முத்திரை வேண்டுமானால் லேப்டாப்பின் ஏஐ பகுதி குறைந்தது 40 டாப்ஸ் தர வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் அறிவித்தது. சரி, ஆனால் எவ்வளவு துல்லியமான கணக்கு? எட்டு இலக்கத்தில் செய்யும் கணக்கை நான்கு இலக்கத்தில் செய்தால், அதே நேரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கணக்கு போடலாம். என்விடியா 4090க்குச் சொன்ன 1,321 எட்டு பிட் கணக்கு. 5090க்குச் சொல்லும் 3,352 நான்கு பிட் கணக்கு. கிலோவையும் பவுண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பது மாதிரி. சித்தி மகனின் எடிட்டிங் மென்பொருள் அந்த ஏஐ பகுதியைத் தொடவே இல்லையென்றால், 40 என்ன, 400 இருந்தாலும் அவனுக்கு ஒன்றுதான்.

கிள்ளான் வெயிலுக்கு எந்த ஸ்லைடிலும் இடமில்லை

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. சிப் சோதனைகள் பெரும்பாலும் ஏர்கோன் போட்ட அறையில் நடக்கின்றன. தாமானில் ஒரு மாடி வீட்டின் பின்னறையில், பிற்பகல் மூன்று மணிக்கு, 32 டிகிரியில் யாரும் சோதிப்பதில்லை. சிப் தன் வெப்பத்தை வெளிக்காற்றில்தான் கொட்ட வேண்டும். காற்றே சூடாக இருந்தால் அது சீக்கிரமே தன் எல்லையைத் தொட்டு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும்.

மெல்லிய லேப்டாப்பில் இது இன்னும் மோசம். ஒரே சிப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு நிறுவனம் 15 வாட் கொடுக்கும், இன்னொன்று 28 வாட் கொடுக்கும், தடிமனான மாடலில் அதற்கும் மேலே போகும். ஸ்டிக்கர் ஒன்றுதான், வேகம் வேறு. போன தலைமுறைச் சிப் கொண்ட தடிமனான லேப்டாப், புதுச் சிப் கொண்ட மெல்லிய லேப்டாப்பை ஒரு மணி நேர வீடியோ ரெண்டரிங்கில் தோற்கடிப்பது அதிசயமே இல்லை.

அப்படியென்றால் எல்லாமே ஏமாற்றா?

இல்லை. 2020 நவம்பரில் ஆப்பிள் எம்1 சிப்பை அறிமுகம் செய்தபோது காட்டிய வரைபடங்களில் அச்சுகளுக்குச் சரியான எண்ணே இல்லை. பலர் சிரித்தார்கள், நானும் சேர்ந்துதான் சிரித்தேன். சோதித்துப் பார்த்தால் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. 2024 இறுதியில் ஏஎம்டியின் 9800எக்ஸ்3டி, கேம்களில் சராசரி 8 விழுக்காடு முன்னேற்றம் என்ற அறிவிப்போடு வந்தது. விமர்சகர்களுக்கும் அந்த அளவோ, கொஞ்சம் கூடுதலாகவோ கிடைத்தது. சந்தேகப்படுவது என்றால் எதையும் நம்பாமல் இருப்பது இல்லை. வெளியார் யாராவது அளந்து சொல்லும் வரை பணப்பையைத் திறக்காமல் இருப்பது, அவ்வளவுதான்.

அந்த வெளியார் அளவுகோலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. சர்வர் சிப்களை மதிப்பிடும் ஸ்பெக் அமைப்பு 2024 தொடக்கத்தில் 2,600க்கும் அதிகமான முடிவுகளைச் செல்லாது என்றது. இன்டெலின் மென்பொருள் கருவி, அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கென்றே பொருந்தும் ஒரு குறுக்கு வழியை வைத்திருந்தது என்பது காரணம். தேர்வுக் கேள்வியை முன்கூட்டியே தெரிந்துகொண்டு மனப்பாடம் பண்ணி எழுதிய மாணவன் மாதிரி.

பினாங்கில் செய்ததாச்சே?

இந்தச் சந்தேகம் நமக்குக் கொஞ்சம் கசக்கும். இன்டெல் 1972லேயே பினாங்கில் ஆலை திறந்த நிறுவனம். ஏஎம்டியும் அதே காலத்தில் அங்கே வந்ததுதான். பாயான் லெப்பாசில் வேலை பார்க்கும் ஒரு மாமாவோ அத்தையோ பல தமிழ்க் குடும்பங்களில் உண்டு. உலகின் சிப் சோதனை, பேக்கேஜிங் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்று அரசு சொல்லும்போது பெருமையாகத்தான் இருக்கிறது.

இப்போது நாமே சிப் வடிவமைக்கவும் இறங்கியிருக்கிறோம். 2024இல் பூச்சோங்கில் சிப் வடிவமைப்புப் பூங்கா திறந்தாகிவிட்டது. 2025 மார்ச்சில் ஆர்ம் நிறுவனத்தின் வடிவமைப்பு நுட்பங்களுக்காகப் பத்து ஆண்டுகளில் 25 கோடி அமெரிக்க டாலர் கொடுக்க அரசு ஒப்பந்தம் போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்கைசிப் நிறுவனத்தின் மார்ஸ்1000, மலேசியாவின் முதல் எட்ஜ் ஏஐ சிப் என்ற அறிவிப்போடு வந்தது. எட்ஜ் என்றால், தரவு மையத்துக்கு அனுப்பாமல் கேமரா, கார், இயந்திரம் போன்ற கருவிக்குள்ளேயே ஏஐ வேலையைச் செய்வது. என்விடியாவின் தரவு மையச் சிப்களோடு ஒப்பிட வேண்டிய பொருள் இல்லை அது. ஆனால் சமூக வலைத்தளங்களில் சிலர் அப்படித்தான் ஒப்பிட்டுக் கொண்டாடினார்கள். இன்டெலிடம் கேட்கும் கேள்விகளை நம்மூர்ச் சிப்பிடமும் கேட்க வேண்டும்: எந்த வேலையில், எத்தனை வாட்டில், எதோடு ஒப்பிட்டு? நம்ம பிள்ளை என்பதற்காகத் தேர்வில் சும்மா மதிப்பெண் போட முடியாதே.

ஏமாந்தால் யாரிடம் போவது?

அமெரிக்காவில் சிலர் நீதிமன்றம் போயிருக்கிறார்கள். ஏஎம்டியின் 'எட்டுக் கோர்' புல்டோசர் சிப்பில் உண்மையில் எட்டு முழுக் கோர்கள் இல்லை என்ற வழக்கு 2019இல் 1 கோடியே 21 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. இன்டெல் தன் பென்டியம் 4 சிப்பின் மதிப்பெண்களை ஊதிக் காட்டியதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், குற்றச்சாட்டை இன்டெல் மறுத்தாலும், 2014இல் வாங்கியவர்களுக்குத் தலா 15 டாலர் தர ஒப்புக்கொண்டது. 2000, 2001இல் கணினி வாங்கியவர்களுக்கு, 13 வருடம் கழித்து! அந்தக் காசுக்கு பிரிக்ஃபீல்ட்சில் இரண்டு பேர் வாழை இலைச் சாப்பாடு சாப்பிடலாம்.

இங்கே 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருளைப் பற்றித் தவறான, திசைதிருப்பும் தகவல் கொடுப்பதைத் தடை செய்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் பதிவு செய்யலாம். மூன்று ஆண்டுக்குள் செய்ய வேண்டும். ஆனால் சிப் நிறுவனத்தின் ஸ்லைடுக்குக் கீழே "முடிவுகள் மாறுபடலாம்" என்று பொடி எழுத்தில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஜெயிப்பது கஷ்டம். கடைக்காரர் உங்களிடம் சொன்னது வேறு விஷயம். "இதுல நீங்க கேட்ட கேம் கண்டிப்பா ஓடும் பாஸ்" என்று வாயால் சொன்னால், வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ரசீதோடு அதையும் பத்திரமாக வையுங்கள்.

அப்போ காத்திருக்கலாமா?

காத்திருப்பதும் இலவசம் இல்லை. குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட் சிப் 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அதைக் கொண்ட லேப்டாப்கள் கடைக்கு வந்தது 2024 ஜூன் 18. எட்டு மாதம், அதாவது ஒரு மாணவனுக்கு இரண்டு செமஸ்டர். இடையில் மற்ற விலைகள் சும்மா இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஏஐ தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் 2025 இறுதியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியது.

சித்தி மகனிடம் மூன்று விஷயம் கேட்டேன். பழைய லேப்டாப் இந்த செமஸ்டரைத் தாங்குமா? புது சிப்புக்கு விற்பனைத் தேதி சொல்லிவிட்டார்களா, அல்லது 'விரைவில்'தானா? அந்தப் பச்சைப் பட்டைக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தைப் படித்தாயா?

கடைசிக் கேள்விக்கு அவன் ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் மங்கலா இருக்கு அக்கா" என்றான். அசல் பக்கத்தைத் தேடித் திறந்தோம். ஒப்பீடு நடந்தது போன வருடச் சிப்போடு இல்லை, மூன்று தலைமுறைக்கு முந்தையதோடு.

வரும் சனிக்கிழமை கே.எல். சென்ட்ரலில் மோனோரெயில் பிடித்து, இம்பியில் இறங்கி லோ யாட் பிளாசா போகிறோம். அவனுடைய அசைன்மென்ட் வீடியோ கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். கடையில் ஓடவிட்டுப் பார்க்க விடுவார்களா தெரியாது. கேட்டுப் பார்ப்போம்.